பி.எட். சேர்வதா, கவுன்சலிங் படிப்பதா? இராமநாதபுரம் கடற்கரைப் பட்டதாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

டிகிரி ரிசல்ட் வந்த கையோடு பி.எட். விண்ணப்பம் போடுவது நம் பக்கத்தில் பழகிப்போன வழக்கம். "சும்மா இருக்கிறதுக்கு அதையாவது முடிச்சு வை" என்று வீட்டில் சொல்வார்கள். படிப்பது நல்லதுதான். ஆனால் இந்தப் படிப்புகளுக்குக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். எந்த வேலை வேண்டும், அந்த வேலைக்கு எந்தத் தேர்வு, அந்தத் தேர்வு என்னென்ன பட்டம் கேட்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகுதான் விண்ணப்பத்தில் கை வைக்க வேண்டும். இரண்டு வருஷமும் பணமும் போன பின் சான்றிதழ் சரிபார்ப்பில் "உங்க டிகிரி செல்லாது" என்ற பதிலோடு திரும்புகிறவர்கள், முக்கால்வாசி இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்தவர்கள்.

முதல் படி: எந்த வகுப்புக்கு ஆசிரியர்?

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் எடுக்க பி.எட். உதவாது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு வேண்டியது இரண்டாண்டு தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். நம் மாவட்டத்தில் மஞ்சூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தை அதற்காகக் கேட்டுப் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆசைப்பட்டு பி.எட். சேருகிறவர்கள் இன்னும் இருப்பதால்தான் இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர். பட்டம், பி.எட்., டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் மூன்றும் வேண்டும். அரசுப் பள்ளி என்றால் அதன் மேல் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வும் உண்டு. டெட் என்பது தகுதிதான், வேலை அல்ல. 150 கேள்வி, 150 மதிப்பெண். பொதுப்பிரிவுக்கு 60 சதவீதம், அதாவது 90. மற்றப் பிரிவுகளுக்கான சலுகையை அந்தந்த அறிவிக்கையில் பாருங்கள். ஒருமுறை தேறினால் ஆயுள் முழுக்கச் செல்லும். கீழக்கரை, தொண்டி, தங்கச்சிமடம் பக்கம் சிறுபான்மை நிர்வாகப் பள்ளிகள் நிறைய. டெட் அவர்களைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அதைக் காரணம் சொல்லித் தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள். எழுதி வைத்தால் எந்தப் பள்ளிக் கதவையும் தட்டலாம்.

பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலையும் பி.எட்.டும் வேண்டும். முதுகலை ஆசிரியர் தேர்வில் முதலில் தமிழ்த் தகுதித் தாள், 50-க்கு 20 எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாள் திருத்தப்படாது. முக்கியத் தாளில் 150 கேள்விகள்: பாடம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10. பி.எட்.டில் படிக்கும் உளவியலும் கற்பித்தல் முறைகளும் அந்த 30-இல்தான் திரும்ப வருகின்றன. பரீட்சை முடிந்ததும் நோட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பி.எட். கல்லூரியிலேயே பாடம் எடுக்க நினைத்தால் எம்.எட்.டும் பாட முதுகலையும் வேண்டும், இரண்டிலும் 55 சதவீதத்தோடு. பள்ளி வேலைக்கு எம்.எட். தேவையில்லை.

இரண்டாம் படி: உங்கள் டிகிரி பொருந்துகிறதா?

நம் பக்கம் பி.காம். படித்தவர்கள் அதிகம். வெறும் பி.காம்.மை வைத்துத் தமிழ்நாட்டில் பி.எட். சேர முடியாது. வணிகவியல், பொருளியல், உளவியல், சமூகவியல், அரசியல் அறிவியல் போன்ற பாடங்களுக்கு முதுகலை முடித்திருக்க வேண்டும். காரணம் எளிது. பத்தாம் வகுப்பு வரை அவை தனிப் பாடமாக இல்லை, மேல்நிலையில்தான் உண்டு. தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் படித்தவர்கள் இளங்கலையோடே சேரலாம். பயோடெக்னாலஜி மாதிரி புதுப் பெயரில் உள்ள பட்டம் என்றால், அது எந்தப் பாடத்துக்கு இணை என்று சொல்லும் அரசாணையைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே விண்ணப்பியுங்கள். கல்லூரி சேர்த்துக்கொண்டதை வைத்து வாரியமும் ஒப்புக்கொள்ளும் என்று நினைக்கக் கூடாது.

மதிப்பெண்: பொதுப்பிரிவு 50 சதவீதம், பி.சி., பி.சி. முஸ்லிம் 45, எம்.பி.சி. 43, எஸ்.சி., எஸ்.டி. 40. 49.6-ஐ ஐம்பதாக முழுமையாக்க மாட்டார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, அதன் பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையும் அறுபடாமல் இருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியிருந்தால், மேலே முதுகலை இருந்தாலும் செல்லாது.

இன்னொன்றை யாரும் சொல்லித்தருவதில்லை: பயிற்று மொழி. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பள்ளியிலிருந்தே தமிழ் வழி என்று காட்ட வேண்டும். அந்த வரிசையில் பி.எட்.டும் சேரும். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்துவிட்டு, மதிப்பு என்று நினைத்து பி.எட்.டில் மட்டும் ஆங்கில வழியை டிக் அடித்தால், கையிலிருந்த சலுகை போய்விடும்.

மூன்றாம் படி: எங்கே சேர்வது?

தமிழ்நாட்டில் பி.எட்., எம்.எட். கல்லூரிகள் எல்லாம், பல்கலைக்கழகங்களின் சொந்தத் துறைகள் நீங்கலாக, 2008-இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அரசு, உதவிபெறும் கல்லூரி இடங்களுக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு நடக்கும். சுயநிதிக் கல்லூரிகளில் நேரடிச் சேர்க்கை. கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்பதால் முதல் முயற்சி கலந்தாய்வாகவே இருக்கட்டும். தொண்டி, எஸ்.பி.பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்குப் புதுக்கோட்டை அரசுக் கல்வியியல் கல்லூரியும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கல்வியியல் கல்லூரியும் கைக்கு எட்டும். சாயல்குடி, வாலிநோக்கம் பக்கத்துக்குத் தூத்துக்குடியும் பாளையங்கோட்டையும். இராமநாதபுரம், பரமக்குடிக்காரர்களுக்கு மதுரை.

இராமேஸ்வரத்திலிருந்து தினமும் மதுரை போய்வந்து படிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு வழிக்கே 170 கிலோமீட்டர் வருகிறது. வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை கட்டாயம். விடுதிச் செலவையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். சில சமயம் கட்டணம் கூடுதலான பக்கத்துக் கல்லூரி, குறைவான தூரத்துக் கல்லூரியைவிட மொத்தத்தில் மலிவாக முடியும்.

"காலேஜுக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று வெளிமாநிலக் கல்லூரிக்கு ஆள் பிடிக்கிறவர்கள் நம் ஊர்களிலும் சுற்றுகிறார்கள். ரெகுலர் பி.எட். வாங்கிய அதே காலத்தில் நீங்கள் இங்கே தனியார் பள்ளியில் முழுநேரமாக வேலை பார்த்த சான்றிதழும் வைத்திருந்தால், இரண்டில் ஒன்று பொய் என்று சான்றிதழ் சரிபார்ப்பில் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். தொலைநிலை பி.எட். உண்மையிலேயே உண்டு. ஆனால் அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கு மட்டும். எந்தக் கல்லூரியானாலும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே பாருங்கள். அந்தக் குழுமம் 2025 பிப்ரவரியில் ஓராண்டு பி.எட்.டை மீண்டும் கொண்டுவரும் வரைவு விதிகளை வெளியிட்டது. அதனால் சேரும் வருஷத்து விளக்கக் கையேட்டை மட்டும் நம்புங்கள், அண்ணன் படித்த வருஷத்துக் கதையை அல்ல.

நான்காம் படி: காகிதமும் பணமும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் குடும்பங்களில் கையில் காசு இல்லாத நாட்கள் அவை. சேர்க்கை வேலைகள் பெரும்பாலும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே தொடங்குகின்றன. முதல் தவணைக்கான பணத்தை மார்ச்சிலேயே ஒதுக்கிவிடுவது நல்லது. மீனவர் நல வாரியத்தில் பெற்றோர் உறுப்பினராக இருந்தால் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டிப் பாருங்கள். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது.

சாதி, வருமானம், இருப்பிடச் சான்றுகளைத் தடைக்காலத்திலேயே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள். ஜூனில் போனால் வரிசைதான் நீளும். எல்லாச் சான்றிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றில் ஒரு எழுத்து, டிகிரியில் இன்னொரு எழுத்து என்றால் இப்போதே திருத்துங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் கொடுத்தால் கையெழுத்திட்ட ரசீது வாங்காமல் வெளியே வரக் கூடாது. ஸ்கேன் செய்த பிரதியும் உங்களிடம் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: பயிற்சிக்குள் என்ன நடக்கிறது?

முதல் பருவத்தில் எல்லோரும் பயப்படுவது மைக்ரோ டீச்சிங்குக்கு. பயப்பட ஒன்றுமில்லை. ஐந்து முதல் பத்துச் சக மாணவர்கள் முன்னால் ஒரே ஒரு திறனை மட்டும் பழகுவது அது: தொடங்குதல், விளக்குதல், கேள்வி கேட்டல், கரும்பலகை பயன்படுத்துதல் என்று ஒவ்வொன்றாக. ஒரு சுற்றுக்கு 36 நிமிடம். கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, திரும்பத் திட்டமிடல் 12, மீண்டும் கற்பித்தல் 6, மீண்டும் பின்னூட்டம் 6. நேரம் போதவில்லை என்று பல இடங்களில் மீண்டும் கற்பிக்கும் பகுதியை விட்டுவிடுவார்கள். பழக்கம் ஏறுவதே அந்த இரண்டாவது ஆறு நிமிடத்தில்தான். கல்லூரியில் விட்டால், சாயங்காலம் இரண்டு பேரை உட்காரவைத்து நீங்களே செய்து பாருங்கள்.

எங்கே சறுக்குகிறது என்பதற்கு ஒரு மாதிரி. ஆறாம் வகுப்பு, உப்பைப் பிரித்தெடுத்தல். "உப்பு தெரியுமா?" "தெரியும் சார்!" "உப்பு கடல்ல இருந்துதானே கிடைக்குது?" "ஆமா சார்!" வகுப்பு கோரஸாகப் பதில் சொல்லும், ஆறு நிமிடம் ஓடிவிடும், யாருக்கு என்ன தெரியும் என்பது கடைசி வரை தெரியாது. இதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "வாலிநோக்கம் உப்பளத்துப் பாத்தியில கடல் தண்ணி விடுறாங்க. கொஞ்ச நாள்ல தண்ணியக் காணோம், உப்பு மட்டும் கெடக்கு. தண்ணி எங்க போச்சு?" கேட்டுவிட்டு மூன்று விநாடி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கஷ்டமான வேலை அதுதான். "வத்திப் போச்சு சார்" என்று ஒரு குரல் வரும். அதற்கு "சரி" என்று தலையாட்டிவிட்டால் பாடம் செத்தது. "வத்துனா மண்ணுக்குள்ள போச்சா, மேல போச்சா?" என்று அடுத்தது. "அப்ப உப்பு ஏன் கூடவே போகல?" என்று அதற்கடுத்தது. இந்த மூன்றாவது கேள்விக்கு வகுப்பு திணறும்போது ஆவியாதலைச் சொல்லத் தொடங்கினால் பிள்ளைகள் காது கொடுப்பார்கள்.

லெசன் பிளானில் "மாணவர் புரிந்துகொள்வர்" என்று எழுதாதீர்கள். புரிந்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது? "வடிகட்டுதலுக்கும் ஆவியாதலுக்கும் ஒவ்வோர் எடுத்துக்காட்டுச் சொல்வர்" என்று எழுதினால் பாட முடிவில் கேட்க வேண்டிய கேள்வியும் தானாகக் கிடைத்துவிடும். ரெக்கார்டு நோட்டுகளை அன்றன்றைக்கே முடியுங்கள். கடைசி வாரத்தில் சீனியர் நோட்டைப் பார்த்து ஒரே மூச்சில் எழுதியது, வாய்மொழித் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே வெளியே வந்துவிடும்.

பள்ளிப் பயிற்சி முதல் ஆண்டில் நான்கு வாரம், இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரம். பதினாறு வாரம் என்பது 80 வேலை நாள். 90 சதவீதம் என்றால் எட்டு நாள்தான் விட முடியும். வடகிழக்குப் பருவமழையில், புயல் எச்சரிக்கை நாட்களில், மாவட்டத்துக்குப் பள்ளி விடுமுறை விடுவார்கள். பயிற்சி அந்த மாதங்களில் விழுந்தால் உங்கள் சொந்த விடுப்பை முன்னாலேயே செலவழித்துவிடக் கூடாது. கல்யாணம், காதுகுத்து எல்லாம் அப்புறம்.

நீங்கள் படித்த பள்ளியையே பயிற்சிக்குக் கேட்காதீர்கள். அங்கே நீங்கள் எப்போதும் பழைய மாணவர்தான். முதல் வாரம் வழிகாட்டி ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யார் எழுதுகிறார், யார் எழுதுவது போலப் பாவனை செய்கிறார் என்று குறித்து வையுங்கள். ஆள் பற்றாக்குறை உள்ள பள்ளியில் வாரம் முழுக்க ஒரு வகுப்பையே உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். "சார், லெசன் பிளான் போட்ட பீரியடுக்கு நீங்க வந்து பார்த்துக் கையெழுத்துப் போடணும்" என்று தொடக்கத்திலேயே பணிவாகச் சொல்லிவிட்டால் அந்தத் தொல்லை குறையும்.

கடற்கரைப் பள்ளியில் முதல் பீரியடிலேயே தூங்கி வழிகிற பிள்ளை, கரைக்கு வந்த வலையில் மீன் எடுத்துக் கொடுத்துவிட்டு நேரே வகுப்புக்கு வந்திருக்கலாம். அம்மா விடியலிலேயே பாசி எடுக்கப் போயிருந்தால் காலைச் சாப்பாடும் சந்தேகம். எழுப்பி நிற்கவைப்பதற்கு முன் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கை நீட்டுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது, பயிற்சி ஆசிரியருக்கும் சேர்த்துத்தான்.

கவுன்சலிங் பக்கம் போகிறவர்களுக்கு

மனநல ஆலோசகர் வேலைக்கு பி.எட். தேவையில்லை. எம்.எஸ்சி. உளவியல், கவுன்சலிங் உளவியல், அல்லது சமூகப் பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் எம்.எஸ்சி.க்கு இளங்கலை உளவியல் கேட்கின்றன. எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு எந்தப் பட்டமும் போதும் என்பதால் நம் மாவட்டப் பட்டதாரிகளுக்கு நடைமுறையில் திறந்திருக்கும் கதவு அதுவே. இரண்டாம் ஆண்டில் மருத்துவ, மனநலச் சிறப்புப் பிரிவை எடுங்கள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு உண்டு. அது மார்ச் வாக்கிலேயே முடிந்துவிடும், ரிசல்ட்டுக்குக் காத்திருந்தால் ஒரு வருஷம் போச்சு. வேலையில் இருக்கும் ஆசிரியர் என்றால், என்.சி.இ.ஆர்.டி. நடத்திவரும் வழிகாட்டல் மற்றும் ஆலோசனை டிப்ளமோவின் அறிவிப்பைக் கவனித்து வாருங்கள்.

தபாலில் படித்துவிடலாம் என்று நினைத்திருந்தால் நிறுத்துங்கள். உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2025-இல் உத்தரவிட்டிருக்கிறது. அந்த ஆண்டு ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து அது அமல். மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பு முடித்துப் பெயருக்குப் பின்னால் "சைக்காலஜிஸ்ட்" போட்டுக்கொள்வதும் ஆபத்து. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த படிப்பும் பதிவு எண்ணும் வேண்டும்.

கல்லூரியைத் தேர்வு செய்யும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். களப்பயிற்சி எத்தனை மணி நேரம், எங்கே, மேற்பார்வையாளர் யார், அவர் உங்கள் அமர்வுகளைப் பற்றி எத்தனை நாளுக்கு ஒருமுறை உங்களோடு உட்கார்ந்து பேசுவார்? இதற்கு நேரான பதில் வராத இடத்தில் சேர வேண்டாம்.

முதல் மாதங்களில் மூன்று மூன்று பேராக உட்காரவைப்பார்கள். ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் கவனிக்க. இங்கே எல்லோரும் செய்கிற தப்பு ஆறுதல் சொல்வது. அப்பாவை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன பையனாக ஒருவர் நடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "இருபது நாளாச்சுண்ணே, வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க." இதற்கு "கவலப்படாத தம்பி, வந்துருவாங்க" என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது. வருவாரா என்பது உங்களுக்கும் தெரியாது, அது அவனுக்கும் தெரியும். "என்ன நடக்குதுன்னே தெரியாம இருக்குறதுதான் ரொம்பப் போட்டு வதைக்குது போல" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவன் தலையாட்டலாம், அழலாம், "அது இல்லண்ணே, அம்மா சாப்பிடவே மாட்டேங்குது" என்று உண்மையான பாரத்தை எடுத்து வைக்கலாம். மௌனம் நீண்டால் நிரப்பப் பார்க்காதீர்கள்.

அமர்வுக் குறிப்பை அன்றே எழுதுங்கள், பெயர் போடாமல். நம் பக்கத்தில் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. "தங்கச்சிமடம், பத்தாம் வகுப்பு, அப்பா சிறையில்" என்று எழுதினாலே யார் வீட்டுப் பிள்ளை என்று பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் சொல்லிவிடுவார். ஊர், வகுப்பு, தொழில் மூன்றில் இரண்டையாவது பொதுவாக்குங்கள்.

"யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. முதல் அமர்விலேயே வரம்பைச் சொல்லிவிடுங்கள்: உயிருக்கு ஆபத்து என்றாலோ, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் துன்புறுத்தல் என்றாலோ சொல்லியாக வேண்டும். போக்சோ சட்டம் பிரிவு 19-இன்படி காவல்துறைக்குத் தகவல் தருவது கட்டாயம், மறைத்தால் பிரிவு 21-இல் தண்டனை உண்டு. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் தலையாட்ட வேண்டாம். உடனே மேற்பார்வையாளரிடம் போங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 14416 மனநல உதவி எண். இரண்டும் மனப்பாடமாக இருக்கட்டும்.

களப்பயிற்சிக்கு ஏர்வாடி அனுப்பினால் தயங்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 தீ விபத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்த ஊர் அது. மனநலக் காப்பகங்களைப் பற்றி நாடு முழுக்கக் கேள்வி எழுந்தது அதன் பிறகே. மனநோய் குணமாகும் என்று நம்பி அங்குள்ள தர்காவுக்கு வரும் குடும்பங்களிடம் "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஆரம்பித்தால் அடுத்த நாள் அவர்கள் உங்கள் முகத்தில் விழிக்க மாட்டார்கள். பிரார்த்தனையும் நடக்கட்டும், மாத்திரையும் நிற்க வேண்டாம் என்பதுதான் அங்கே எடுபடும் பேச்சு. கடைசி மாத்திரை எப்போது கொடுத்தார்கள், ஏன் நின்றது, காசா, தூக்கம் வருகிறது என்றா, யாராவது நிறுத்தச் சொன்னார்களா என்று கேட்டுப் பழகுங்கள்.

படித்து முடித்த பின்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான சகி ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்ட மனநலத் திட்டம் ஆகியவற்றில் ஆலோசகர் இடங்கள் வரும். பெரும்பாலும் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைக்க வேண்டும் என்று 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. தனியார் பள்ளி நிர்வாகத்திடம் வேலை கேட்டுப் போகும்போது இதைக் குறிப்பிடலாம். ஆனால் "கவுன்சலர்" என்று எடுத்துவிட்டு அட்மிஷன் டெஸ்கில் உட்காரவைக்கும் பள்ளிகளும் உண்டு. வாரம் எத்தனை மணி நேரம் பிள்ளைகளோடு, தனி அறை உண்டா, குறிப்பேட்டை யார் பார்க்கலாம் என்ற மூன்றையும் சேரும் முன் எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு தடவையும் பதவிப் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதியோடு அனுபவச் சான்று கேட்டு வாங்கிவிடுங்கள். அதிகாரி மாறிப்போன பிறகு பழைய சான்றுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவது பெரும்பாடு.